இருபது பேர் மட்டும்

லிஃப்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. எட்டுப் பேர் ஏற வேண்டியதில் ஒன்பதாவதாக ஒருவர் காலை வைத்தால் 'கீ...' என்று கத்தும். கதவு மூடாது. உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் அந்த ஒன்பதாவது ஆசாமியையே பார்ப்பார்கள். அவரும் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்துவிட்டு இறங்கிக்கொள்வார். 'குழந்தைதானே, மடியில வெச்சுக்கறேன்' என்று லிஃப்டிடம் பேச்சுவார்த்தை நடத்த முடியாது.

படகு கத்தாது. அதன் பக்கவாட்டில் பெயின்டில் 'இருபது பேர் மட்டும்' என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். சில இடங்களில் அந்தப் பெயின்டும் உரிந்து போயிருக்கும். லீவு நாளில் எந்தப் படகுத்துறைக்குப் போனாலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"அண்ணே, நாங்க எல்லாம் ஒரே ஃபேமிலி. ரெண்டு பேரை மட்டும் கரையில விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"ஏறுங்க சார். கொஞ்சம் நெருக்கி உக்காருங்கம்மா... அந்தப் பாப்பாவை மடியில வெச்சுக்குங்க."

அண்ணனுக்கு இரக்கம். சாருக்குக் குடும்பப் பாசம். நெருக்கி உட்கார்ந்த அம்மாவுக்குப் பெருந்தன்மை. எல்லோருமே நல்லவர்கள்தான். படகில் மட்டும் இப்போது இருபத்து நாலு பேர்.

ஆற்றிலும் ஏரியிலும் உல்லாசமாகப் போனவர்கள் பிணமாகத் திரும்பும்போதெல்லாம் நம் பத்திரிகைகள், என் தொழில்காரர்கள்தான், ஒரே மாதிரி எழுதுகிறோம். 'விதி விளையாடியது' என்று ஒரு வரி. 'மீட்புப் படை தாமதமாக வந்தது' என்று ஒரு பெட்டிச் செய்தி. 'லைஃப் ஜாக்கெட் இல்லை' என்று ஒரு குற்றச்சாட்டு. மூன்றாம் நாள் வேறு செய்தி வந்துவிடும். படகில் எழுதியிருந்த அந்த நம்பரை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள், துறையில் யார் எண்ணினார்கள் என்று யாரும் தோண்டுவதில்லை. எனக்கென்னவோ விஷயமே அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது.

தேக்கடியை எடுத்துக்கொள்வோம். மதுரை, தேனிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது வெளிமாநிலம் என்ற நினைப்பே வராது. முல்லைப் பெரியாறு அணை 1895ல் வந்ததால் உண்டான ஏரி. படகு மிதக்கிற அதே தண்ணீர்தான் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்து கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகிறது. 2009 செப்டம்பர் 30ந் தேதி சாயங்காலம் அந்த ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்து போனார்கள். ஏதோ கள்ளத்தனமாக ஓடிய தனியார் படகு என்று நினைக்க வேண்டாம். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகு. ஓட்டை உடைசலும் இல்லை. தண்ணீரில் இறக்கி இரண்டு மாதம்கூட ஆகாத புத்தம்புதுப் படகு.

புயலோ வெள்ளமோ இல்லை. 75 பேருக்கான படகில் எண்பதுக்கு மேல் இருந்தார்கள். கரையில் மிருகங்கள் தெரிந்ததும் பயணிகள் எழுந்து ஒரே பக்கமாகப் போனார்கள், படகு சாய்ந்துவிட்டது என்றார்கள். உடனே பழி பயணிகள் மேல் போயிற்று. 'நம்ம ஜனங்களுக்கு ஒழுங்கே கிடையாது சார்' என்று டீக்கடையில் பேசுவோமே, அது.

இந்த நியாயம் எனக்குப் புரியவே இல்லை. தேக்கடியில் எதற்காகப் படகு விடுகிறார்கள்? யானை பார்க்க, காட்டெருமை பார்க்க. டிக்கெட்டே அதற்குத்தான். யானை காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டு, யானை தெரிந்ததும் எழுந்தது தப்பு என்றால் எப்படி? அந்த ஏரிக்கென்று படகு வடிவமைப்பவர் முதலில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கே அதுதான். அத்தனை பேரும் ஒரே பக்கம் போய் நின்றால் இது தாங்குமா? தாங்காது என்றால் அது மிருகம் பார்க்கும் படகு அல்ல.

இன்னொன்று. 75 பேருக்கான படகில் ஏழெட்டுப் பேர் கூடுதல் என்பது தப்புதான். ஆனால் ஒழுங்காகக் கட்டிய படகு அந்த ஏழெட்டுப் பேருக்காகக் குப்புறக் கவிழ்ந்துவிடாது. அப்படியானால் அந்த 75 என்ற நம்பரையே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டாமா?

இதற்கு இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை பார்த்திருந்தால் போதும். எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிறது, ஏன்? கனமெல்லாம் அடியில் களிமண்ணாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் களிமண்ணை எடுத்து பொம்மையின் தலையில் அப்பிப் பாருங்கள். விரல் பட்டதும் விழும், எழுந்திருக்காது. இரண்டாவது தளத்தில் முப்பது பேரை ஏற்றுவது தலையில் களிமண் அப்புகிற வேலை. கீழே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றாலும் அதேதான். ஆள் எண்ணிக்கை மாறவில்லை, மொத்த எடை மாறவில்லை, ஆனால் கனம் மேலே போய்விட்டது.

அதன் பிறகு நடப்பது நிமிஷக் கணக்கில் அல்ல, விநாடிக் கணக்கில் நடக்கிறது. படகு லேசாகச் சாய்கிறது. பயத்தில் ஜனங்கள் சரிகிறார்கள், சரிகிற பக்கம் இன்னும் கனமாகிறது, அது இன்னும் சாய்கிறது. மூழ்குவது வேறு, கவிழ்வது வேறு. மூழ்குகிற படகு கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். கவிழ்கிற படகு கொடுக்காது. நம் ஏரிகளில் நடந்த பெரிய சாவுகள் எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது ரகம். அதனால்தான் 'மீட்புப் படை தாமதம்' என்ற பெட்டிச் செய்தியில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பக்கத்துத் தெருவிலேயே தீயணைப்பு வண்டி நின்றாலும் அது வருகிற நேரத்துக்குள், நீச்சல் தெரியாத ஒருவரின் கதை முடிந்திருக்கும்.

நம்பரே தப்பாக இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். அங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்புகிற அக்காமார், அண்ணன்மார் கொஞ்சம் கவனிக்கவும்.

நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஏரி என்று அழகான ஏரி. 2005 அக்டோபர் 2ந் தேதி அங்கே 'ஈதன் ஆலன்' என்ற சுற்றுலாப் படகு 47 பயணிகளுடன் கிளம்பியது. பெரும்பாலும் ரிட்டயரான முதியவர்கள், இலையுதிர் காலத்து வண்ணங்களைப் பார்க்க வந்தவர்கள். படகுக்கு அனுமதி 48 பேர். ஆக, ஓர் ஆள் குறைவாகத்தான் இருந்தார்கள்! சட்டப்படி சுத்தம். வேறொரு படகு கிளப்பிய அலை வந்து மோத, படகு சாய்ந்தது. நீளமான பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வரிசையாக ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனார்கள். படகு கவிழ்ந்தது. இருபது பேர் செத்துப்போனார்கள். ஜாக்கெட்டுகள் படகில் இருந்தன. யாரும் போட்டிருக்கவில்லை.

அந்த நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. அந்தப் படகு உண்மையில் ஏற்றியிருக்க வேண்டியது எத்தனை பேர் தெரியுமா? பதினாலு. நாற்பத்தெட்டு அல்ல, பதினாலு!

எப்படி இவ்வளவு பெரிய வித்தியாசம்? ஒன்று, பழைய கணக்கில் ஓர் ஆளின் எடை 140 பவுண்டு, அதாவது 63 கிலோ சொச்சம். அன்று படகில் இருந்தவர்களின் சராசரி 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ. ஜனங்கள் குண்டாகிவிட்டார்கள், கணக்கு மட்டும் ஒல்லியாகவே இருந்தது. இரண்டு, அனுமதி வாங்கிய காலத்தில் படகுக்குத் துணிக்கூரை. பிறகு மரக்கூரை போட்டார்கள். கனம் தலைக்கு ஏறிவிட்டது. நம்பரை யாரும் மாற்றவில்லை. பலகையில் 48 அப்படியே இருந்தது. இதற்குப் பிறகு 2011 டிசம்பரிலிருந்து அமெரிக்கக் கடலோரக் காவல் படை ஓர் ஆளுக்கு 185 பவுண்டு, அதாவது 84 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தது. எடை கூடினால் ஆள் எண்ணிக்கை குறையும். படகுக்காரர்கள் முனகத்தான் செய்தார்கள். வேறு வழியில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2023 மே 7ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தானூரில் ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. 22 பேர் சாவு. அதில் 11 பேர் ஒரே குடும்பம். அந்தப் படகு பிறவியிலேயே உல்லாசப் படகு அல்ல. மீன்பிடிப் படகை மாற்றி, தளம் போட்டு, அலங்காரம் செய்து சுற்றுலாவுக்கு விட்டது. ஜார்ஜ் ஏரியின் மரக்கூரைக் கதையேதான். போதாக்குறைக்கு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள். போதாக்குறைக்கு இருட்டில்.

நம்ம பழவேற்காட்டிலும் 2011ல் கிறிஸ்துமஸ் அன்றைக்கு உறவுக்காரர்களாகச் சேர்ந்து ஏரியில் போனவர்கள் 22 பேர் செத்துப்போனார்கள். அதுவும் மீன்பிடிப் படகு. வலையும் மீனும் படகின் அடியில் கிடக்கும், பேசாமல் கிடக்கும். மனிதர்கள் அப்படிக் கிடப்பார்களா? எழுந்து போட்டோ எடுப்பார்கள். ஒரு டன் மீனைத் தாங்குகிற படகு ஒரு டன் மனிதர்களைத் தாங்கும் என்பது எந்த ஊர்க் கணக்கு?

கேரளத்தை மட்டும் குறை சொல்கிறேன் என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம். தண்ணீரும் படகும் அதிகமுள்ள மாநிலம், விபத்தும் அங்கே அதிகம் தெரிகிறது. அதோடு, கமிஷன் போட்டு விசாரித்து எழுதியாவது வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கமிஷன்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. 2002ல் குமரகத்தில் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அரசுத் தேர்வு எழுதப் போனவர்கள். நீதிபதி நாராயண குருப் கமிஷன். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா, பெரியாற்றில் படகு மூழ்கி 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் போனார்கள். நீதிபதி பரீத் பிள்ளை கமிஷன். 2009ல் தேக்கடி, நீதிபதி மொய்தீன் குஞ்ஞு கமிஷன். 2023ல் தானூர், நீதிபதி வி.கே. மோகனன் கமிஷன். இருபத்தொரு வருஷத்தில் நாலு கமிஷன். நாலாவது கமிஷன் உட்காரும்போது முதல் மூன்று கமிஷன்களின் அறிக்கைகளும் அரசாங்கத்தின் கையில்தான் இருந்தன.

தானூருக்குப் பிறகு கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொன்னது. 2023ல், ஒரு உயர் நீதிமன்றம், படகில் நம்பர் எழுதுங்கள் என்று உத்தரவு போட வேண்டியிருக்கிறது!

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. உள்நாட்டு நீர்நிலைப் படகுகளுக்கு 1917ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் அதன் பெயரிலேயே நீராவி உண்டு. நீராவிப் படகெல்லாம் மியூசியத்துக்குப் போன பிறகும் அதையே ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். 2021ல் புதுச் சட்டம் வந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017லேயே படகுப் பாதுகாப்புக்கென்று தனியாக வழிகாட்டி நெறிமுறைகள் போட்டிருக்கிறது. கோவாவில் மத்திய அரசின் நீர் விளையாட்டுப் பயிற்சி நிலையம் 1990லிருந்து இருக்கிறது. காகிதத்தில் குறை ஒன்றுமில்லை.

குறை கல்லாப் பெட்டியில் இருக்கிறது. பி.காம். படித்த புத்தி, அங்கேதான் முதலில் போகிறது. மன்னிக்கவும்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். இருபது பேர் படகு. டிக்கெட் நூறு ரூபாய். ஒரு நாளைக்கு ஐந்து டிரிப். ஒவ்வொரு டிரிப்பிலும் ஐந்து பேரைக் கூடுதலாக ஏற்றினால் ஒரு நாளைக்கு 2,500 ரூபாய். டீசல் ஏறக்குறைய அதேதான், டிரைவர் சம்பளம் அதேதான், துறை வாடகை அதேதான். அதாவது இருபத்தோராவது ஆளுக்குப் படகுக்காரர் செலவழிப்பது கிட்டத்தட்ட பூஜ்யம். முதல் இருபது பேர் கொடுக்கிற பணம் செலவுக்குப் போகிறது. இருபத்தோராவது ஆள் கொடுப்பது அப்படியே லாபம். உலகத்தில் இதைவிட இனிப்பான வியாபாரம் கிடையாது. இப்போது ஜாக்கெட் பக்கம் வாருங்கள். ஒன்று 1,500 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். இருபதுக்கு முப்பதாயிரம். அந்தக் கூடுதல் ஐந்து பேரின் பணத்தில் பன்னிரண்டே நாளில் இதை வாங்கிவிடலாம். ஆனால் வாங்கினால் அது செலவுக் கணக்கு. ஏற்றினால் வரவுக் கணக்கு. ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாவிட்டால் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். ஒரு வருஷம் ஒன்றும் ஆகாவிட்டால் அதுவே பழக்கம்.

கவிழ்ந்தால்? தானூரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கேரள அரசு தலைக்குப் பத்து லட்சம் அறிவித்தது. 22 பேருக்கு 2 கோடியே 20 லட்சம். கொடுக்க வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? கஜானாவிலிருந்து. கூடுதல் டிக்கெட்டின் லாபம் ஒரு பாக்கெட்டுக்குப் போகிறது, நஷ்டம் ஊருக்கே பங்கு வைக்கப்படுகிறது. இப்படி ஒரு பார்ட்னர்ஷிப் டீடில் யாராவது தெரிந்தே கையெழுத்துப் போடுவார்களா? நாம் போட்டிருக்கிறோம்.

வதோதராவில் நடந்தது இன்னும் மோசம். 2024 ஜனவரி 18ந் தேதி, ஹர்ணி ஏரி, மறுபடி பள்ளிக்கூடத்துச் சுற்றுலா. 12 பிள்ளைகள், 2 ஆசிரியைகள். மாநகராட்சிக்குச் சொந்தமான ஏரியை ஒப்பந்தத்தில் தனியாரிடம் விட்டிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். ஜாக்கெட் போட்டிருந்தது பத்துப் பிள்ளைகள்தான் என்று குஜராத்தின் உள்துறை இணை அமைச்சரே சொன்னார். அந்தப் பத்து ஜாக்கெட்டை எந்தப் பத்துப் பிள்ளைக்குப் போடுவது என்று துறையில் யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு எழுத ஓடவில்லை.

அந்த ஆரஞ்சுக் கலர் ஜாக்கெட் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதலாவது, அது நிஜமாகவே உயிர் காக்கும். தண்ணீருக்குள் நம் உடம்பின் எடை ரொம்பக் குறைவு. மூக்கும் வாயும் மேலே நிற்க நாலைந்து கிலோ தூக்கிக் கொடுத்தால் போதும், அதைத்தான் அது செய்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 2023 கணக்கு: உல்லாசப் படகு விபத்துகளில் இறந்தவர்களில் நாலில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் ஜாக்கெட் போடாதவர்கள். அங்கே படகில் ஜாக்கெட் இல்லாமல் இருக்காது. உட்கார்ந்த ஸீட்டுக்கு அடியில் இருந்திருக்கும்.

நம் ஊரில் அதைப் போடச் சொன்னால் வருகிற பதில்கள் தெரிந்தவைதானே. 'வேர்வை நாத்தம் சார்.' உண்மை, நாறும்தான். துவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. 'போட்டோல புடவை தெரியாது.' கரை தாண்டும் வரை போட்டுக்கொண்டு பிறகு அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்கிறவர்கள் ஒரு ஜாதி. கொக்கி உடைந்ததைக் கயிற்றால் கட்டிக்கொடுப்பது, ஐந்து வயதுக் குழந்தைக்கு அப்பா சைஸ் மாட்டுவது... பெரிய சைஸ் மாட்டிய குழந்தை தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். குழந்தைகளுடையதில் தொடைக்கு நடுவே ஒரு வார் இருக்கும். அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் சங்கடமானது. ஜாக்கெட் போட்டாச்சு, கவலை விட்டது என்பதும் சரியல்ல. மேலே கூரையும் பக்கத்தில் அடைப்புமாக இருக்கிற படகு தலைகீழானால், உள்ளே இருப்பவரை அதே ஜாக்கெட் மேலே தூக்கி, இப்போது கூரையாகிவிட்ட தரையோடு அழுத்தி வைக்கும். முங்கி வெளியே வர விடாது. எனவே மூடிய படகு என்றால் ஜாக்கெட்டோடு வெளியேற வழியும் வேண்டும், அதைவிட முக்கியமாக அது கவிழவே கூடாது. சுற்றிச் சுற்றி அதே நம்பருக்குத்தான் வருகிறோம்.

வாட்டர் ஸ்கூட்டர், ராஃப்டிங் எல்லாம் தனி அத்தியாயம், இங்கே இடமில்லை. ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கேயாவது உதவும். வாட்டர் ஸ்கூட்டரில் எதிரே ஏதாவது வந்தால் பைக் ஞாபகத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுவோம். பழைய வண்டிகளில் அதை விட்டதும் திருப்பவும் முடியாது. ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் நேராகப் போய் இடிக்கும், ஏனென்றால் பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர்தான் அதற்குத் திசை. கையில் மாட்டுகிற அந்தச் சுருள் கயிறு அலங்காரம் அல்ல, நீங்கள் விழுந்தால் இன்ஜினை நிறுத்துவது அதுதான். ரிஷிகேஷில் ராஃப்டிலிருந்து விழுந்தால் ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள். பாறை இடுக்கில் கால் மாட்டினால் ஆறு உங்களை அப்படியே மடக்கிவிடும். மல்லாந்து, கால் முன்னே நீட்டி, போகிற போக்கில் போய்க் கரை ஒதுங்க வேண்டும். 2018ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், முறையான விதிகள் வரும்வரை ராஃப்டிங்கே வேண்டாம் என்று நிறுத்தியதும் உண்டு.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒகேனக்கல். 'ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கத் தடை' என்று வருஷா வருஷம் பேப்பரில் ஒரு மூலையில் வருமே, அந்தச் செய்தியை நான் மரியாதையோடு படிப்பேன். கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியில் வருகிற தண்ணீரை அளக்கிறது. விநாடிக்கு இத்தனை கன அடி என்று நம்பர் வருகிறது. அது கூடினால் தர்மபுரி கலெக்டர் பரிசலை நிறுத்துகிறார். சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம், பரிசல்காரர்களுக்கு அன்றைக்குப் பிழைப்பு இல்லை, மீன் வறுக்கிற அக்காவுக்கும் வியாபாரம் இல்லை. வருத்தம்தான். ஆனாலும் நிறுத்துகிறார்கள். பரிசல் என்பது அடியில் தண்டு இல்லாத மூங்கில் கூடை. அதற்கு நேராகப் போகத் தெரியாது, சுழலத்தான் தெரியும். ஓட்டுகிறவரின் கையை நம்பித்தான் எல்லாம். அப்படிப்பட்ட ஒரு கூடைக்கு, மேலேயிருந்து வருகிற ஒரு நம்பரை மதித்து நிறுத்த முடிகிறது. யாரும் 'ஒரு ரவுண்டு மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே' என்று காவிரியிடம் கேட்பதில்லை. ஆற்றின் நம்பரை நம்புகிறோம். படகின் நம்பரை மட்டும் நம்புவதில்லை.

காரணம், பிலிகுண்டுலுவில் எண்ணுகிறவர் டிக்கெட் விற்பவர் அல்ல. படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவர், ஆள் ஏற்றுபவர், எண்ணுபவர் எல்லாம் ஒரே ஆள், அல்லது ஒரே முதலாளியின் ஆட்கள். ஆடிட்டரும் கேஷியரும் ஒருவரே என்றால் அந்தக் கணக்கை எந்த பாங்க் ஏற்கும்?

ஆள் எண்ணத் தெரியாத அரசாங்கமா நம்முடையது? டவுன் பஸ்ஸில் வழியில் கையைக் காட்டி நிறுத்தி, செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் ஏறி, கண்டக்டரின் இன்வாய்ஸை வாங்கி, ஒரு தலை விடாமல் எண்ணிவிட்டுத்தான் பஸ்ஸை விடுகிறார்கள். டிக்கெட் இல்லாத ஒரு ஆளைப் பிடிக்க அவ்வளவு பாடு. அதே மாதிரி ஒருவர், படகு முதலாளியிடம் சம்பளம் வாங்காத ஒருவர், லீவு நாட்களிலாவது துறையில் நின்றால் போதும். அவர் தேட வேண்டியது டிக்கெட் வாங்காத ஆளை அல்ல, இருபத்தோராவதாக டிக்கெட் வாங்கிய ஆளை. மடியில் உட்கார்ந்த பாப்பாவையும் சேர்த்து எண்ண வேண்டும். பஸ்ஸில் அது அரை டிக்கெட், ஏரிக்கு முழு ஆள். டிக்கெட் புத்தகமும் படகுவாரியாக, டிரிப்வாரியாக இருக்கட்டும். இருபது கிழித்ததும் அட்டை வந்துவிட வேண்டும். அடுத்த டிக்கெட் அடுத்த படகுக்கு.

'நாங்க எல்லாம் ஒரே ஃபேமிலி' என்று யாராவது அப்போதும் கேட்பார்கள். ஒரு படகு தள்ளி வரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடட்டும்.